ஹஜ், உம்ரா, ஜியாரத்: மூன்று பயணங்களும் அவற்றின் தொடக்கமும்

"ஹஜ்ஜுக்குப் போகிறார்", "உம்ராவுக்குப் போகிறார்", "நாகூருக்குப் போகிறார்" என்று நம் வீடுகளில் அடிக்கடி கேட்கிறோம். மூன்றையும் புனிதப் பயணம் என்றே சொல்கிறோம். ஆனால் மூன்றின் தொடக்கமும் வேறு, தகுதியும் வேறு.

ஹஜ்ஜின் வேர், இப்ராஹீம் நபியும் (அலை) இஸ்மாயீல் நபியும் (அலை) கஅபாவை எழுப்பிய காலத்தில் இருக்கிறது. ஹிஜ்ரி 10இல் (கி.பி. 632) நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் செய்துகாட்டிய முறையே இன்றும் நம் வழி. துல்ஹஜ் மாதத்தின் குறித்த நாட்களில் மட்டுமே ஹஜ். சக்தி உள்ளவருக்கு வாழ்நாளில் ஒருமுறை கடமை. கப்பல் காலத்தில் ஜாவா, சுமத்ரா ஹாஜிகள் பலர் சிங்கப்பூர் வழியாக ஜித்தா போனார்கள். கையிருப்புக் கரைந்து இங்கிருந்தே ஊர் திரும்பியவர்களும் உண்டு. 'சக்தி உள்ளவர்' என்ற சொல்லின் கனம் அவர்களுக்குத் தெரியும்.

உம்ராவை ஆண்டின் பெரும்பாலான நாட்களில் செய்யலாம். தவாஃபுக்குப் பின் ஸஃபா, மர்வா குன்றுகளுக்கிடையே நடப்பது, தாகத்தில் துடித்த குழந்தைக்காக ஹாஜரா அம்மையார் ஓடிய ஓட்டத்தின் நினைவு. ஹிஜ்ரி 6இல் ஹுதைபிய்யாவில் தடுக்கப்பட்ட உம்ராவை மறு ஆண்டு நபிகளார் நிறைவேற்றினார்கள். எத்தனை உம்ரா செய்தாலும் ஹஜ் கடமை தீராது.

ஜியாரத் என்றால் சந்திப்பு. கப்ருகளுக்குச் செல்வதை முதலில் தடுத்த நபிகளார், மறுமையை நினைவூட்டும் என்பதால் பின்னர் அனுமதித்தார்கள். அதற்கென்றே தொலைதூரம் பயணம் போகலாமா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

நம் முன்னோர் இதை எப்படிக் கையாண்டார்கள் என்பதற்குத் தெலுக் ஆயர் தெருவே சான்று. அன்று அது கடற்கரை ஓரம். 1827இல் அங்கே தொழுகைக்காகக் குச்சுப் பள்ளியை, இன்றைய அல் அப்ரார் பள்ளிவாசலை, அமைத்தார்கள். 1828க்கும் 1830க்கும் இடையே, கடலோடிகள் போற்றிய ஷாகுல் ஹமீது பாதுஷா அவர்களின் நினைவாக நாகூர் தர்காவை எழுப்பினார்கள். அங்கே அவருடைய அடக்கத்தலம் இல்லை. அது நினைவிடம் மட்டுமே. இரண்டும் 1974இல் தேசிய நினைவுச் சின்னங்களாயின.

வணக்கத்துக்கு ஓர் இடம், நினைவுக்கு ஓர் இடம். ஒரே தெருவில் இருந்தும் இரண்டையும் அவர்கள் தனித்தனியாகவே கட்டினார்கள். இன்று நம் பிள்ளைகளில் சிலர் ஜியாரத்தை அடியோடு ஒதுக்குகிறார்கள். சிலர் கடமைக்குச் சமமாக உயர்த்துகிறார்கள். ஒவ்வொன்றின் தொடக்கத்தையும் சொல்லிக்கொடுத்தால், எதை எந்த இடத்தில் வைப்பது என்று அவர்களே அறிந்துகொள்வார்கள். பொன்விழாக் காணும் நம் சங்கத்துக்கு அதுவும் ஒரு பணி.