தூரிகைத் தடம் – 7: வேதாளம் ஏறிய தோள்

பி.ஏ., எம்.ஏ. என்று போகாதே, ஓவியப் பள்ளியில் சேர் என்று முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியின் ஓவிய ஆசிரியர் சொன்ன இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். சிவசங்கரன் என்ன செய்தான்?

தாராபுரம் பக்கத்துக் காரத்தொழுவில் பிறந்தவன். அப்பா பள்ளி ஆசிரியர். 1934இல் குடும்பத்தோடு சென்னைக்கு வந்து, வரலாற்று வகுப்பில் படம் போட்டுப் பழகியவன். வார விடுமுறையிலும் வரச்சொல்லி, தாளும் தூரிகையும் கொடுத்து அவன் கையைத் திருத்தியவர் அந்த ஓவிய ஆசிரியர்தான். படம் போட்டால் சோறு கிடைக்குமா என்று ஊர் கேட்கும் காலம் அது. (இன்று மட்டும் கேட்காமலா இருக்கிறது?) 1941இல் சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்துவிட்டான்.

அங்கே முதல்வர் நாற்காலியில் இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, மெரினாவின் உழைப்பாளர் சிலையை வடித்தவர். ஆட்களை எதிரே நிறுத்தி அவர்களைப் பார்த்து வரையும் பயிற்சியை இந்தப் பள்ளிக்குக் கொண்டுவந்தவரும் அவரே. எலும்பு எங்கே மடங்குகிறது, பாரம் ஏறினால் எந்தத் தசை இறுகுகிறது என்பதெல்லாம் கைக்குப் படியும் வரை விடமாட்டார்கள். பேயும் பூதமும் வரையப்போகிறவனுக்கு இது எதற்கு? கொஞ்சம் பொறுங்கள்.

1946இல் படிப்பு முடிந்ததும் 'கலைமகள்' இதழில் வேலை. சம்பளம் 85 ரூபாய். 1952இல் நாகி ரெட்டி, சக்ரபாணியின் 'அம்புலிமாமா' அவரை அழைத்துக்கொண்டது. 1947 ஜூலையில் தொடங்கிய பத்திரிகை. பல மொழிகளில் வந்தது, எழுத்து மாறும், படம் மாறாது. ஒருவர் இங்கே கோடு இழுத்தால் ஒரியாக் குழந்தையும் மராத்திக் குழந்தையும் அதையேதான் பார்க்கும். ஆனால் அதன் வடபழனி அலுவலகத்தில் முதல் நாற்காலி காலியாக இல்லை. 'சித்ரா' என்ற பெயரில் வரைந்த டி.வி. ராகவன் முன்பே அங்கே கோலோச்சிக்கொண்டிருந்தார். புதிதாக வந்தவருக்குத் தனி அடையாளம் எப்படிக் கிடைக்கும்?

கிடைத்தது, ஒரு சுடுகாட்டில். 1960களில் விக்கிரமாதித்தன் கதையின் முகப்புப் படம் 'சங்கர்' என்ற பெயரில் வரைந்த சிவசங்கரன் கைக்கு வந்தது. கையில் உருவிய வாள், தோளில் பிணம், காலடியில் மண்டை ஓடுகள். அந்தத் தோளைக் கவனியுங்கள். பிணத்தின் கனம் தெரிகிறது. கனத்தைச் சுமந்தபடியே நடக்கும் அரசனின் நிமிர்வும் தெரிகிறது. பாரத்தை நம்பிய கண் வேதாளத்தையும் நம்பிவிடுகிறது. ராய் சௌத்ரியின் வகுப்பு வீண்போகவில்லை. மாயக்கதைக்கு ஓவியம் வரையக் கற்பனை போதும் என்பாரை நான் ஒப்புக்கொள்வதில்லை. பழைய வேதாளக் கதைகள் இருபத்தைந்துதான். அவை தீர்ந்த பிறகும் அம்புலிமாமா புதுக்கதை புனைந்துகொண்டே இருந்ததென்றால், வாசலில் அந்தப் படம் நின்றது ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

அறுபது ஆண்டு உழைப்பு. 2020 செப்டம்பரில் சங்கர் மறைந்தார். பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது 2021 ஜனவரியில்! இருக்கும்போது கொடுத்திருக்கலாம்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போகும் தாம்பரம், குரோம்பேட்டை வாசகர்களே, பழைய அம்புலிமாமா கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள்.

சிவசங்கரன் மாணவராக நுழைந்த அதே 1941இல், அதே பள்ளியில், ஓர் இளைஞர் ஆசிரியராக நுழைந்தார். பெயர் கே.சி.எஸ். பணிக்கர். பத்திரிகைப் பக்கமே போகாமல் ஓவியன் பிழைக்க முடியுமா என்று கேட்ட அவர், 1966இல் தன் மாணவர்களைத் திரட்டிக்கொண்டு ஈஞ்சம்பாக்கம் கடலோர மணலுக்குப் போனார். நிலம் வாங்கப் பணம்? பாத்திக் துணி விற்றார்கள். அந்தத் துணியை வாங்கியவர்கள் யார்?

அடுத்த வாரம்.