குற்றவியல் வழக்குத் தஸ்தாவேஜுகளைத் தேடுதல்: விழுப்புரம், திண்டிவனம்

ஒரு குற்றத்தைக் குறித்துப் போலீஸ் நிலையத்தில் முதல் தகவல் பதிவானது தொடங்கி, நியாயஸ்தலம் தீர்ப்புரைத்து, அத்தீர்ப்பு மேல்முறையீட்டில் நிலைபெறும் வரையிலோ நீக்கப்படும் வரையிலோ சேர்ந்த காகிதங்கள் அனைத்தும் கூடியதே குற்றவியல் வழக்குத் தஸ்தாவேஜு ஆகும். வக்கீல் குமாஸ்தாக்கள் இதனைக் 'கட்டு' என்று ஒரே சொல்லால் சுட்டுவர். அமெரிக்க நாட்டில் 'கௌன்டி' என்னும் ஆட்சிப் பிரிவுதோறும் உள்ள நீதிமன்ற எழுத்தர் இத்தகைய பதிவுகளைக் காத்து, கேட்போர்க்குக் காட்டுவதை ஒரு தனிப்பெரும் கடமையாகக் கொண்டிருக்கிறார். நம் நாட்டில் அவ்விடத்தைப் பெறுவது மாவட்ட, செஷன்ஸ் நீதிமன்றமும் அதன் கீழ் அமர்ந்த மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களும் ஆம். இக்கட்டுகள் மனிதரின் பெயரால் அன்றி எண்ணால் அடுக்கப்பட்டவை என்பதைத் தேடப் புகுவோர் முதற்கண் அறிதல் வேண்டும். இவ்வொன்றை அறியாதார் பலர் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையிலுள்ள ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டரைப் பலமுறை வீணே கடந்திருக்கின்றனர்.

இப்பகுதியின் நீதிப் பதிவுகளுடைய வரலாறு செஞ்சியிலிருந்தே தொடங்குகிறது. 1690-ஆம் ஆண்டில் செஞ்சிக் கோட்டையில் தங்கியிருந்த மராட்டிய மன்னர் ராஜாராமிடமிருந்து, கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கம்பெனியார் விலைக்கு வாங்கி, அதற்குச் செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயரிட்டு, அங்கிருந்து பீரங்கி சுட்டுக் குண்டு விழுந்த எல்லைக்கு உட்பட்ட ஊர்களையெல்லாம் தம் வசப்படுத்திக் கொண்டனர். 'குண்டு கிராமங்கள்' என்னும் வழக்கு அதனால் எழுந்தது. அக்கோட்டைச் சபையார் தம் ஆலோசனைகளை நாள்தோறும் எழுதிவைத்த குறிப்புகள் பிற்காலத்தில் சென்னை ரிகார்டு ஆபீஸாரால் அச்சிடப்பட்டன. தென்னாற்காட்டின் பழைய நீதி விசாரணைகளைக் குறித்து ஆராய்வோர்க்கு அவையே முதல் ஆதாரம். 1746-இல் சென்னப்பட்டினம் பிரெஞ்சுக்காரர் கைப்பட்டபோது ராஜதானியின் தலைமையிடமே 1752 வரை இக்கோட்டைக்கு மாறியிருந்தமையால், அவ்வாண்டுகளின் குறிப்புகள் சிறப்பாக விரிந்து காணப்படுகின்றன. ஆனால் குண்டு விழுந்த எல்லைக்கு அப்பாலிருந்த விழுப்புரம், திண்டிவனம் முதலிய ஊர்கள் 1801 ஜூலை 31-ஆம் நாள் ஆற்காட்டு நவாபு அஸீம் உத்தௌலாவுடன் செய்துகொண்ட உடன்படிக்கை வரை கம்பெனியாரின் நேர் ஆட்சிக்கு உட்படவில்லை யாதலின், அவ்வூர்களுக்கு இக்குறிப்புகள் அதிகம் பயன்படா.

1802-ஆம் ஆண்டின் சட்டங்களால் ஜில்லா நீதிமன்றங்களும், அவற்றின்மேல் சுற்று நீதிமன்றங்களும், யாவற்றுக்கும் மேலாகச் சென்னையில் பௌஜ்தாரி அதாலத்தும் அமைந்தன. தென்னாற்காட்டைச் சார்ந்த ஜில்லா நீதிமன்றம் ஒன்று தொடக்கத்தில் விருத்தாசலத்தின் பெயரால் வழங்கிற்று. சுற்று நீதிபதிகள் ஊர் ஊராகச் சென்று விசாரித்தனர். உடனிருந்த முகம்மதியச் சட்ட அதிகாரி தம் சட்டக் கருத்தாகிய பத்வாவைத் தெரிவிப்பார். நீதிபதி வந்து இறங்குமுன் விசாரணைக்குரிய கைதிகளின் பெயரும் குற்றமும் எழுதிய ஜாபிதா ஒன்று ஆயத்தமாக இருத்தல் வேண்டும். ஆங்கிலத்தில் 'காலண்டர்' எனப்பட்ட அந்த ஜாபிதாவின் பெயரே, தமிழ்நாட்டு மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களில் இன்றும் எழுதப்படும் 'சி.சி.', அதாவது 'காலண்டர் கேஸ்', என்னும் குறியீட்டில் உயிரோடிருக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் குதிரையிலும் பல்லக்கிலும் வந்த நீதிபதிக்காக எழுதப்பட்ட பட்டியலின் பெயரைத் திண்டிவனத்துக் கணிப்பொறி இன்று காட்டுவது ஒரு விநோதமே.

கூர்ந்த மதியினரும் கம்பெனி அதிகாரியுமான தாமஸ் மன்றோவின் முயற்சியால் 1816-இல் அந்த ஜில்லா நீதிமன்ற முறை மாறிற்று. போலீஸும் மாஜிஸ்திரேட் அதிகாரமும் ஜில்லா நீதிபதியிடமிருந்து கலெக்டரிடம் சென்றன. நாட்டின் இயல்புக்கு அதுவே இயைந்த ஏற்பாடு என்பது மன்றோவின் கருத்து. அவ்வாண்டின் 11-ஆம் ரெகுலேஷன் கிராமத் தலைவருக்கும் சிறிது தண்டனை அதிகாரம் அளித்தது. ஏச்சு, சிறு கைகலப்பு போன்றவற்றுக்கு அவர் ஒருவரைக் கிராமச் சாவடியில் பன்னிரண்டு மணி நேரம் வரை அடைத்துவைக்கலாம். தாழ்ந்த சாதியினர் என்று அச்சட்டம் கூறிய மக்களையோ ஆறு மணி நேரம் வரை தொழுவில் மாட்டலாம். சட்டத்தின் முகத்திலேயே சாதி எழுதப்பட்டிருந்த இவ்விதியின்கீழ்த் தண்டனை பெற்றோர் எத்தனை பேர் என்பதை எந்த நீதிமன்றப் பதிவேட்டிலும் தேடிக் காண்டல் இயலாது. சாவடியின் நீதிக்குக் கட்டு இல்லை.

1860-இல் இயற்றப்பட்டு 1862 ஜனவரி முதல் அமலுக்கு வந்த தண்டனைச் சட்டமும், 1861-இன் குற்ற விசாரணை முறைச் சட்டமும், 1862-இல் தோன்றிய சென்னை உயர் நீதிமன்றமும் சேர்ந்து இன்றைய பதிவு முறைக்கு அடிகோலின. ஆயினும் மாஜிஸ்திரேட் வேலை நெடுங்காலம் ரெவினியூ இலாகாவோடு பிணைந்தே கிடந்தது. தாசில்தாரும் டிப்டி தாசில்தாரும் வரியும் வசூலித்து வழக்கும் விசாரித்தனர். ஸ்டேஷனரி சப் மாஜிஸ்திரேட் என்பவர் வழக்கு மட்டும் பார்த்தார். கார்ஸ்டின் 1878-இல் எழுதிய தென்னாற்காடு மானுவலிலும், பிரான்சிஸ் 1906-இல் வெளியிட்ட கெஜட்டியரிலும் இந்நிலையைக் காணலாம். சுதந்திரத்துக்குப் பின் படிப்படியாக நீதியும் நிர்வாகமும் பிரிக்கப்பட்டு, 1974 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அப்பிரிவு முழுமை பெற்றது. ஆகவே மிகப் பழைய சிறு வழக்குகளைத் தேடுவோர் நீதிமன்றத்தில் கிடைக்கவில்லையென்று மனந்தளராமல் கலெக்டர் அலுவலகப் பழந்தஸ்தாவேஜுகளையும், எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் நாடுதல் தகும். விழுப்புரம் தனி மாவட்டமானது 1993 செப்டம்பர் 30-ஆம் நாளிலேயே யாதலின், அதற்கு முந்திய செஷன்ஸ் வழக்குகளுக்குத் தென்னாற்காட்டின் தலைநகராயிருந்த கடலூரையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இனி எண்களின் வகை. போலீஸ் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கைக்கு இடப்படுவது 'குற்ற எண்'. இது நிலையம்தோறும் ஆண்டுதோறும் ஒன்று முதல் தொடங்குவது. ஆகையால் 'குற்ற எண் 120' என்று மட்டும் சொல்வது யாதொரு பொருளும் தராது, திண்டிவனம் நகர நிலையமா, ரோஷணையா, மயிலமா, ஒலக்கூரா என்பதும் எந்த ஆண்டு என்பதும் உடன் வேண்டும். புலன் விசாரணை முடிந்து குற்றப்பத்திரிகை கோப்புக்கு எடுக்கப்பட்டபின், மாஜிஸ்திரேட்டே விசாரிக்கும் வழக்காயின் சி.சி. எண்ணும், சுருக்க விசாரணைக்குரிய சிறு வழக்காயின் எஸ்.டி.சி. எண்ணும், செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு ஒப்படைக்கவேண்டிய கொலை முதலிய வழக்காயின் பி.ஆர்.சி. எண்ணும் இடப்படும். ஒப்படைத்தபின் அதே வழக்கு எஸ்.சி. எண் பெறுகிறது, ஜாமீன் முதலிய இடைமனுக்கள் கிரிமினல் எம்.பி. என்று தனியே எண் பெறுகின்றன. தீர்ப்பின்மேல் மேல்முறையீடு சென்றால் அங்கே வேறோர் எண். ரோஷணையில் பதிவான ஒரு கொலை வழக்கு, திண்டிவனம் மாஜிஸ்திரேட்டிடம் பி.ஆர்.சி.யாகி, செஷன்ஸில் எஸ்.சி.யாகி, சென்னையில் கிரிமினல் அப்பீலாகி, நான்கு இடங்களில் நான்கு எண்களோடு உலவும். எண்ணைப் பிடித்தவன் கட்டைப் பிடித்தான் என்று அனுபவமுள்ள குமாஸ்தா ஒருவர் கூறக்கூடும். ஆனால் எந்த எண் என்பதே கேள்வி.

குற்ற எண் பெற்ற வழக்கெல்லாம் சி.சி. எண் பெறுவதில்லை என்பதும் கருதத்தக்கது. பொருண்மைப் பிழை என்றோ, துப்புத் துலங்கவில்லை என்றோ போலீஸார் முடித்துவிட்ட வழக்குகளில், புகார் கொடுத்தவருக்கு அம்முடிவைத் தெரிவிக்கும் 'ஆர்.சி.எஸ். நோட்டீஸ்' அனுப்பப்படுவதோடு காரியம் நின்றுவிடும். நீதிமன்றத்தில் வழக்கு இல்லையென்று கண்டு, சம்பவமே நடக்கவில்லை என முடிவு கட்டுதல் பிழையாம்.

பெயரால் தேடுவதன் இடர்ப்பாடு தமிழருக்கே உரியதொரு இடர்ப்பாடு. தலைப்பெழுத்து முன்னும் பின்னும் மாறி நிற்கும். தகப்பனார் பெயர் 'த/பெ' என்னும் குறியோடு தனியே எழுதப்படும். பட்டப்பெயர் 'என்கிற' என்னும் சொல்லோடு நுழையும். ழகரத்தை ஆங்கிலத்தில் எழுதுவோர் தத்தம் மனம்போல் எழுதுவர். விழுப்புரம் என்னும் ஊர்ப்பெயரே அரசாங்கக் காகிதங்களில் ஆங்கில எழுத்தில் இருவேறு வகையாக எழுதப்படும்போது, அவ்வூர்க் குடியானவர் ஏழுமலையின் பெயர் ஒரே வகையாக நிற்கும் என்று எதிர்பார்ப்பது பேதைமை. ஒரே பெயரினர் பலர் ஒரு கிராமத்திலேயே இருப்பர். ஆதலால் தகப்பனார் பெயரும் ஊரும் ஒத்துவந்தாலன்றி ஒருவரைக் குற்றவாளிப் பட்டியலில் சேர்த்தல் அடாது. பட்டியலில் பெயர் காணப்படுவதும் குற்றம் ஆகாது. விடுதலையானவர் பெயரும் அங்கேயே இருக்கும்.

பிரதி பெறுதல் எங்ஙனம் எனின், வழக்கு நடந்த நீதிமன்றத்தில் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய நகல் மனு கொடுத்தல் வேண்டும். சிறைத்தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் பிரதி இலவசமாகவே கிடைக்கும். தீர்ப்பால் பாதிக்கப்பட்டவர் கட்டணம் செலுத்திப் பெறலாம். வழக்கில் தொடர்பற்ற மூன்றாம் தரப்பினரோ, எதற்காக வேண்டுமென்று காரணம் காட்டி, நீதிபதியின் உத்தரவு பெற்றே அடையமுடியும். 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 363-ஆம் பிரிவில் இருந்த இவ்விதிகள், 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 404-ஆம் பிரிவில் இடம்பெற்றுள்ளன. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு எழுதி இவற்றைப் பெறலாம் என்று கருதியோரும் உண்டு. நீதிமன்ற விதிகளின்படியே பெறவேண்டும் என்று குஜராத் உயர் நீதிமன்றத்தைப் பற்றிய வழக்கில் 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டமையால் அவ்வாதத்துக்கு இனி இடமில்லை. சிறார் வழக்குகளும், பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டோரின் அடையாளமும் எவர்க்கும் வெளியிடத்தக்கன அல்ல. பழைய கட்டுகள் 1917-ஆம் ஆண்டின் பதிவேடுகள் அழிப்புச் சட்டத்தையும் அதன்வழி வந்த விதிகளையும் ஒட்டிக் கழிக்கப்படுவதும் உண்டு.

வழக்குகள் இடம்மாறுவதும் தேடுவோரை மயக்கும். அமைச்சராயிருந்த ஒருவர்மீது விழுப்புரம் மாவட்ட நீதிமன்றத்தில் நடந்துவந்த சொத்துக்குவிப்பு வழக்கு 2022-இல் வேலூருக்கு மாற்றப்பட்டு, அங்கேயே 2023 ஜூனில் விடுதலைத் தீர்ப்புப் பெற்றது. அம்மாற்றத்தையே உயர் நீதிமன்றம் பிறகு தானே கேள்விக்கு உட்படுத்திற்று. வானூர் தாலுக்காவின் கோட்டக்குப்பம் போன்ற எல்லையூர்களில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் குற்றத்துக்குப் புதுச்சேரி நீதிமன்றங்களில் கட்டு இருத்தலும் கூடும். அவையும் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆளுகைக்கே உட்பட்டவை.

இக்காலத்தில் இ-கோர்ட்ஸ் இணையத்தளத்தில் கட்சிக்காரர் பெயர், வழக்கு எண், குற்ற எண், வக்கீல் பெயர் ஆகியவற்றாலும், ஒவ்வொரு வழக்குக்கும் தனித்து அமைந்த பதினாறு இலக்கச் சி.என்.ஆர். எண்ணாலும் தேடி, அடுத்த வாய்தாவையும் உத்தரவுகளையும் கட்டணமின்றிக் காணலாம். 2016-இல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவின்படி, நுட்பமான சில குற்றங்கள் நீங்கலாக, முதல் தகவல் அறிக்கைகள் போலீஸ் தளத்தில் ஏற்றப்படுகின்றன. குற்றப்பத்திரிகைகளை அவ்வாறு ஏற்றவேண்டியதில்லை என்று அதே நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. விடுதலையானவரின் பெயரைத் தீர்ப்பிலிருந்து மறைக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2021-இல் மறுக்க, 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு இசைந்து உத்தரவிட, அவ்வுத்தரவை 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது.

கணிப்பொறியில் ஏறாத பழைய கட்டுகளுக்கு நேரில் செல்வதே வழி. அவ்வாறு செல்வோர் போலீஸ் நிலையத்தின் பெயர், குற்ற எண், ஆண்டு ஆகிய மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி உடன் கொண்டுபோவாராக.