எம்.பி.3 ஐ யார் கண்டுபிடித்தது? வரிப்பணம் பாட்டான கதை

எங்கட வயசுக்காரருக்கு எம்.பி.3 எண்டால் மெமரி கார்ட்தான் நினைவுக்கு வரும். ஒரு சின்னச் சில்லுக்குள்ள நூற்றுக்கணக்கில பாட்டு ஏத்தலாம். அது எப்படிச் சாத்தியமானது என்று தேடிப் போனால், கராஜுக்குள் இருந்து உலகத்தை மாற்றிய தனி மேதை ஒருவரும் அங்கே இல்லை. இருப்பது ஒரு பல்கலைக்கழகம், சில கம்பனிகள், அவற்றுக்கு நடுவில் ஜேர்மன் அரசின் காசில் இயங்கிய ஓர் ஆய்வு வலையமைப்பு. அதன் பெயர் பிரவுன்ஹோஃபர் சங்கம்.

1949 மார்ச் 26 அன்று மியூனிச்சில் இந்தச் சங்கம் தொடங்கியபோது ஜேர்மனி போரில் இடிந்து கிடந்தது. யோசெப் பிரவுன்ஹோஃபர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்தவர். சிறுவயதிலேயே தாய் தகப்பனை இழந்து கண்ணாடிப் பட்டறையில் வேலை பழகியவர். பிறகு சூரிய ஒளி நிறமாலையில் இருக்கும் கருங்கோடுகளை ஆராய்ந்தார். அதேநேரம் வில்லைகள் செய்யும் தொழிலையும் நடத்தினார். ஆய்வும் தொழிலும் ஒரே ஆளிடம் இருந்ததால்தான் அவருடைய பெயரை வைத்தார்கள்.

பெயர் பெரிது, ஆனால் ஆரம்பம் சின்னது. முதலில் அது ஆய்வுக்குக் காசு சேர்த்துப் பிரித்துக் கொடுக்கும் ஓர் அலுவலகம் மட்டும்தான். 1950களில் சொந்த ஆய்வு நிறுவனங்கள் வந்தன. அவற்றில் பல பாதுகாப்பு அமைச்சின் காசில் ஓடின. இந்தப் பக்கத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

உண்மையான திருப்பம் 1973 இல் வந்தது. அரசு ஒரு விதியை ஏற்றுக்கொண்டது: வெளியில் எவ்வளவு ஒப்பந்த வேலை எடுக்கிறீர்களோ, அதற்கேற்ப அரசின் அடிப்படை நிதியும் கூடும். பொதுவாக மூன்றில் ஒரு பங்குதான் அடிப்படை நிதியாக வரும். மிச்சத்தைக் கம்பனிகளிடமும் அரசின் ஆய்வுத் திட்டங்களிலும் போட்டிபோட்டு எடுக்கவேண்டும். முழுக் காசும் அரசிடம் வந்தால் ஆய்வாளர் வெளியே எட்டிப் பார்க்கமாட்டார். முழுக் காசும் கம்பனியிடம் வந்தால் அடுத்த வருசம் விற்கக்கூடியதை மட்டும்தான் செய்வார். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடத்தை அந்த விதி உருவாக்கியது. இன்னொரு ஏற்பாடும் இருந்தது. ஆய்வு நிறுவனத்தின் தலைவர் பெரும்பாலும் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் இருப்பார். அதனால் மாணவர்கள் அங்கேயும் இங்கேயும் போய்வருவார்கள்.

எர்லாங்கன் நகரில் நடந்ததும் இப்படித்தான். அங்குள்ள பல்கலைக்கழகப் பேராசிரியர் டீட்டர் சைட்ஸர், தொலைபேசிக் கம்பி வழியாக நல்ல தரத்தில் இசையை அனுப்பமுடியும் என்று நம்பினார். காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது, ‘இது ஏலாத காரியம்’ என்று பரிசோதகர் தள்ளிவிட்டார். அந்த ஏலாத காரியத்தைத்தான் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பேர்க் என்ற மாணவர் தன் கலாநிதிப் பட்ட ஆய்வாக எடுத்தார்.

இறுவட்டில் நான்கு நிமிடப் பாட்டு ஏறத்தாழ 40 மெகாபைட் இடம் பிடிக்கும். ஆனால் அதிலுள்ள எல்லாவற்றையும் எங்கட காது கேட்பதில்லை. மேளம் பலமாக அடிக்கும் நேரத்தில் பக்கத்தில் முணுமுணுப்பவரின் குரல் கேட்காது அல்லவா? அதேபோல, பலத்த ஒலி ஒன்று அதன் அருகிலுள்ள மெல்லிய ஒலியை மறைத்துவிடும். மறைந்துபோகும் பகுதிக்கு ஏன் இடம் கொடுப்பான்? அதைத் தள்ளினால் அதே பாட்டு 4 மெகாபைட்டுக்குள் அடங்கும். சொல்வது லேசு. சுசான் வேகா வாத்தியம் எதுவும் இல்லாமல் பாடிய ‘டொம்ஸ் டைனர்’ பாட்டைச் சுருக்கியபோது குரல் கெட்டுப்போனது. அது சரியாகும்வரை பிராண்டன்பேர்க் அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டார்.

1987 இல், யுரேக்கா என்ற ஐரோப்பிய அரசுகளின் கூட்டுத் திட்டத்தில், பல்கலைக்கழகமும் எர்லாங்கனின் பிரவுன்ஹோஃபர் நிறுவனமும் சேர்ந்து இந்த வேலையைத் தொடர்ந்தன. தொம்சன், ஏ.டி.அண்ட்.டி. போன்ற கம்பனிகளும் கைகோத்தன. 1992 இல் சர்வதேசத் தரம் முடிவானபோது எம்.பி.3 மூன்று முறைகளில் ஒன்றாக இடம்பிடித்தது. ஆனால் பெரிய கம்பனிகள் ‘இது சிக்கலானது’ என்று இரண்டாவது முறையைத்தான் விரும்பின. நாங்கள் படம் பார்த்த விசிடியில் இருந்த ஒலியும் அந்த இரண்டாவது முறைதான். தோற்றுப்போன ஆய்வு என்று மூடியிருக்கலாம். அடிப்படை நிதி இருந்ததால் மூடவில்லை. அவர்கள் இணையத்தின் பக்கம் திரும்பினார்கள். 1995 ஜூலையில் கோப்புகளுக்கு எம்.பி.3 என்ற பின்னொட்டைத் தெரிவுசெய்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது ஆய்வாளர்களின் கையில் இருக்கவில்லை. சுருக்கும் மென்பொருள் திருட்டுத்தனமாக இணையத்தில் பரவியது. 1999 இல் நப்ஸ்டர் வந்தது. பாட்டுக் கம்பனிகள் கதிகலங்கின. கையடக்க எம்.பி.3 கருவியை 1998 இல் முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது தென்கொரியக் கம்பனி. 2001 இல் ஐபொட்டைக் கொண்டுவந்து அந்தச் சந்தையைப் பிடித்தது அமெரிக்காவின் அப்பிள். ஜேர்மன் கம்பனிகள் பார்த்துக்கொண்டு நின்றன.

அப்படியெண்டால் ஜேர்மன் வரிப்பணம் வீணா? இல்லை. காப்புரிமை உரிமக் கட்டணமாகப் பல மில்லியன் யூரோ பிரவுன்ஹோஃபருக்குத் திரும்பிவந்து அடுத்த ஆய்வுகளுக்குப் போனது. 2017 இல் அந்த உரிமத் திட்டம் முடிந்தபோது எம்.பி.3 எல்லோருக்கும் சொந்தமானது. ஆனால் ‘நாட்டின் புத்தாக்கம்’ என்று அரசுகள் பேசும்போது நினைக்கிற தொழிற்சாலைகளும் வேலைகளும் பெரும்பாலும் வேறு நாடுகளுக்குத்தான் போயின. வலையமைப்பால் ஓர் அறிவை உருவாக்கமுடிந்தது. அதைத் துணிந்து பொருளாக்கும் கம்பனியை உருவாக்கமுடியவில்லை.

பல்கலைக்கழகமும் கம்பனியும் ஒப்பந்தம் கைச்சாத்திடும் படங்களை நாங்களும் அடிக்கடி பார்க்கிறம். படத்தில் கைகுலுக்கல் மட்டும்தான் தெரியும். எங்கட பக்கத்தில் இருந்து சில கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். முதல் ஐந்து வருசம் ஒன்றும் விற்காவிட்டால் யார் காசு கொடுப்பார்? மாணவர் ஆய்வை முடிக்கும்வரை யார் பொறுப்பார்? காப்புரிமை யார் பெயரில் இருக்கும்? கிடைக்கும் இலாபத்தில் வரி கட்டிய சனத்துக்கு என்ன வரும்? முதல் மூன்றுக்கும் ஜேர்மனியிடம் பதில் இருந்தது. கடைசிக் கேள்விக்கு அவர்களிடம்கூடப் பாதிப் பதில்தான் இருந்தது.