வன்தட்டின் வரலாறும் வாழ்நாளும்

கல்லிலே வெட்டினோம், செம்பிலே பொறித்தோம், ஓலையிலே கீறினோம், தாளிலே அச்சடித்தோம். இன்றோ எல்லாவற்றையும் ‘ஹார்ட் டிஸ்க்’ எனும் வன்தட்டில் போட்டு வைக்கிறோம். தோட்டத்துப் பழைய படங்கள், தாத்தா பாட்டியின் குரல், பள்ளிப் பதிவேடு எல்லாம் அதற்குள்தான். அது எத்தனை காலம் தாங்கும்? அதன் கதையைச் சற்றே புரட்டிப் பார்ப்போமா?

முதல் வன்தட்டை 1956-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்டது. ராமாக் என்பது அந்தக் கணினியின் பெயர். 24 அங்குலத் தட்டுகள் 50. எடையோ ஒரு டன்னுக்கு மேல்! அத்தனை பெரிய உருவம் கொண்டது 50 லட்சம் எழுத்துகளைத்தான். இன்று அதைப் போல் லட்சக்கணக்கான மடங்கு சட்டைப் பைக்குள் அடங்கிவிடுகிறது.

உருவம் சுருங்கச் சுருங்க, நுட்பமும் கூடியது. தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும். படிக்கும் முனை அதைத் தொடுவதில்லை. காற்று மெத்தையின்மேல் மிதக்கிறது. இடைவெளி, தலைமயிரின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. தூசு புகுந்தாலோ, ஓடும்போது கீழே விழுந்தாலோ முனை உரசிவிடும். உரசினால் கதை முடிந்தது!

அந்தக் காற்றுக்காக வடிகட்டியோடு ஒரு சிறு துளை உண்டு. மனுசனைப் போல அதுவும் மூச்சு விடுகிறது! காற்று மெலிந்த மலையுச்சியில் அதுவும் திணறும். அதனால்தான் ஏறக்குறைய 3,000 மீட்டருக்கு மேல் இயக்க வேண்டாம் என்பார்கள். வெப்பத்தின் எல்லை சுமார் 60 பாகை செல்சியஸ். ஈரமும் பகையே. குளிர்சாதன அறையிலிருந்து நம்மூர்ப் புழுக்கத்துக்குக் கொண்டு வந்ததும் இயக்கினால், உள்ளே நீர் பனித்துக் கெடுக்கலாம். 2013-இல்தான் ஹீலியம் நிரப்பி முழுக்க மூடிய தட்டுகள் விற்பனைக்கு வந்தன.

வன்தட்டு செய்யும் ஆலையும் தண்ணீருக்குத் தப்பவில்லை. 2011 அக்டோபரில் தாய்லாந்து வெள்ளம், பாங் பா-இன்னில் இருந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் ஆலையை மூழ்கடித்தது. உலகமெங்கும் வன்தட்டு விலை ஏறிப்போனது. அதே நிறுவனத்தின் இன்னோர் ஆலை, நம் பங்சாருக்கு அடுத்த பெட்டாலிங் ஜெயாவில் இருந்தது. அதைத் தண்ணீர் மூடவில்லை, காலம் மூடியது. தேவை குறைந்ததால், 2019 இறுதிக்குள் அங்கே உற்பத்தியை நிறுத்துவதாக 2018-இல் அறிவித்தார்கள்.

இன்னொரு செய்தி கேளுங்கள். 1.2.2003-இல் கொலம்பியா விண்கலம் வானிலே சிதறியது. கல்பனா சாவ்லா உள்பட எழுவர் மாண்டனர். பல மாதம் கழித்து, கருகிய வன்தட்டு ஒன்றிலிருந்து செனான் வாயு ஆய்வின் தகவல்களை 99 விழுக்காடு மீட்டனர். ஆய்வு முடிவு 2008-இல் வெளியானது. தட்டில் காயம்பட்ட இடத்தில் எதுவும் எழுதப்படவில்லை என்பதே காரணம். ஆனால், அதே கலத்தில் இருந்த வேறு இரு தட்டுகளில் ஒன்றுமே கிடைக்கவில்லை. பிழைத்தது அதிர்ஷ்டம்தானே? அதை நம்பி நம் பொருளை வைக்கலாமா?

ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய ஓலை ஒன்றுகூட இன்று நம் கையில் இல்லை. சங்கப் பாட்டு மட்டும் இருக்கிறது! எப்படி? ஓலை இற்றுப்போகும் முன்னே யாரோ ஒருவர் படி எடுத்தார். அவருக்குப் பின் இன்னொருவர் எடுத்தார். காத்தது ஓலையல்ல, எழுதிய கைதான்.

மாணவச் செல்வங்களே! தோட்டங்கள் போய்விட்டன, அவற்றின் நினைவு இந்தத் தட்டுகளில் இருக்கிறது. இரண்டு மூன்று படி எடுங்கள். வெவ்வேறு வீட்டில் வையுங்கள். சில ஆண்டுக்கொரு முறை புதுத் தட்டுக்கு மாற்றுங்கள். முன்னோர் ஓலைக்குச் செய்ததை நாம் வன்தட்டுக்குச் செய்வோம்!