சிலபஸ் முதல் பக்கத்தின் கதை

எங்கள் பி.காம் சிலபஸில் ஒவ்வொரு பேப்பருக்கும் தலையில் "இப்பாடத்தை முடித்த மாணவர்..." என்று ஐந்து வரி இருக்கும். கற்றல் விளைவுகளாம். யாரும் படிப்பதில்லை. இது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், கடைசியில் கேள்வித்தாள் தயாரிக்கிறவர்களிடம் போய் நிற்கிறது!

1929-ல் ரால்ப் டைலர் என்பவர் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கிருந்த ஆசிரியர்களிடம் அவர் கேட்டது ஒரே விஷயம்தான். உங்க பாடத்தைப் படிச்சு முடிச்சவனால என்ன செய்ய முடியணும்? யோசிக்கத் தெரியணும் என்று சொன்னவர்கள் வைத்த தேர்வோ மனப்பாடத்தை மட்டுமே சோதித்தது.

அவருடைய மாணவர்தான் பெஞ்சமின் ப்ளூம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் தேர்வு அதிகாரி. 1948-ல் பாஸ்டனில் பல கல்லூரித் தேர்வாளர்கள் கூடிப் பேசினார்கள். ஆளாளுக்குத் தனித்தனியாகக் கேள்வி எழுதுவதை விட்டு, ஒருவர் எழுதியதை மற்றவரும் பயன்படுத்த ஒரு பொது வகைப்பாடு வேண்டும் என்பது அவர்கள் தேவை. 1956-ல் புத்தகம் வந்தது. அறிதல், புரிதல், பயன்படுத்தல், பகுத்தல், தொகுத்தல், மதிப்பிடல் என்று ஆறு படிகள், ஒவ்வொன்றுக்கும் மாதிரிக் கேள்விகளோடு. இன்று எல்லா பவர்பாயிண்ட்டிலும் வருகிற பிரமிட் படம் அந்தப் புத்தகத்தில் கிடையவே கிடையாது. (கூகுளில் தேடினால் முதலில் வருவது அதுதான்.)

1957-ல் ஃபோர்டு அறக்கட்டளை, தேர்வுச் சீர்திருத்தத்துக்காக ப்ளூமை இந்தியாவுக்கே அனுப்பி வைத்தது. ஆக நமக்கு இது புதுச் சரக்கு இல்லை.

1962-ல் ராபர்ட் மேகர் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். என்ன செய்வான், எந்தச் சூழ்நிலையில், எவ்வளவு சரியாக? இந்த மூன்றும் நோக்கத்தில் இருக்க வேண்டும் என்றார். "தேய்மானம் பற்றி அறிவார்" என்று எழுதினால் அறிந்தாரா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது? "இயந்திரத்தின் விலை, ஆயுள், இறுதி மதிப்பு, தேய்மான வீதம் கொடுத்தால் நேர்கோட்டு முறை, குறைந்துசெல் மதிப்பு முறை இரண்டிலும் பிழையின்றிக் கணக்கிட்டு, எது பொருத்தம் என்று காரணம் சொல்வார்" என்று எழுதினால் கேள்வித்தாளே பாதி தயார்.

டைலருக்கும் ப்ளூமுக்கும் விளைவும் கேள்வித்தாளும் ஒரே வேலையின் இரண்டு பக்கம். நம் ஊரில் விளைவை ஒரு கமிட்டி எழுதுகிறது, கேள்வியை வேறு யாரோ எழுதுகிறார்கள். முதல் பக்கத்தில் "பகுப்பாய்வு செய்வார்", பரீட்சையில் "தேய்மானத்தின் காரணங்கள் யாவை?"

உங்கள் சிலபஸையும் போன செமஸ்டர் கேள்வித்தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எத்தனை கேள்வி பொருந்துகிறது என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.