எல்சா கற்பித்த பாடம்

தாயை இழந்த சிங்கக் குட்டியை வளர்த்தல் அரிது. வளர்த்ததைக் காட்டிற்கே மீள ஒப்படைத்தல் அதனினும் அரிது. இவ்விரண்டையும் ஒருங்கே விளக்குவது கென்யா நாட்டில் வாழ்ந்த எல்சா என்னும் பெண் சிங்கத்தின் வரலாறு.

1956 ஆம் ஆண்டு மாசி மாதம் முதலாந் திகதி, அந்நாட்டின் வட எல்லை மாவட்டத்தில் வனவிலங்குக் காவல் அதிகாரியாயிருந்த ஜோர்ஜ் அடம்சன், தம் துணைவர் ஒருவருடன் ஆட்கொல்லிச் சிங்கமொன்றைத் தேடிச் சென்றார். ஆங்கு எதிர்த்துப் பாய்ந்த பெண் சிங்கமொன்று சுடப்பட்டு மாண்டது. அதன் சீற்றத்தின் காரணம் பின்னரே புலனாயிற்று. அருகிலிருந்த பாறைப் பிளவினுள் மூன்று பெண் குட்டிகள் ஒடுங்கிக் கிடந்தன.

தாயைக் கொன்றோரே சேய்களைக் காக்கும் கடனையும் ஏற்றனர். அடம்சனின் மனைவியார் ஜோய் அம்மையார், பாலுடன் மீனெண்ணெயும் எலும்புத் தூளும் கலந்தூட்டி அவற்றை வளர்த்தார். சில திங்களின் பின் பெரிய குட்டிகள் இரண்டும் ஒல்லாந்தின் றொட்டர்டாம் விலங்கினச்சாலைக்கு அனுப்பப்பட்டன. யாவற்றினும் சிறியதாகிய எல்சா மட்டும் அவர்களிடம் எஞ்சியது.

எல்சா வளர்ந்ததும் கூடா, காடா என்னும் வினா எழுந்தது. அவர்கள் காட்டையே தேர்ந்தனர். ஆயின் வேட்டையைக் கற்பிக்கத் தாய் இல்லையே! முதலில் விடப்பட்ட இடத்தில் எல்சா நோயுற்று மெலிந்தது. பின்னர் மேரு பகுதியில், ஊரா ஆற்றின் அயலே, படிப்படியாகத் தனித்து வாழப் பழக்கப்பட்டது. ஈற்றில் தானே வேட்டையாடிற்று. காட்டுச் சிங்கமொன்றுடன் கூடி 1959 ஆம் ஆண்டு மார்கழியில் மூன்று குட்டிகளையும் ஈன்றது. சில வாரங்களின் பின் அக்குட்டிகளைத் தன்னை வளர்த்தோரிடம் அழைத்தும் வந்தது.

அவ்வின்பம் நெடிது நிலைக்கவில்லை. 1961 ஆம் ஆண்டு தை மாதம் 24 ஆந் திகதி, உண்ணிகளாற் பரவும் நோயொன்றினால் எல்சா இறந்தது. தாயற்ற குட்டிகள் இடையரின் ஆடுகளைக் கவரத் தொடங்கின. ஒன்றின் உடலில் அம்பும் தைத்தது. ஆடிழந்த இடையரின் துயரும் மெய்யே அன்றோ? ஆதலின், அவை பிடிக்கப்பட்டு அதே ஆண்டில் தங்கனீக்காவின் செரெங்கெட்டிச் சரணாலயத்தில் விடப்பட்டன.

இவ்வரலாறு 1966 இல் திரைப்படமாயிற்று. அதில் நடித்த வேர்ஜீனியா மக்கென்னா, பில் டிராவர்ஸ் தம்பதியர், 1984 இல் கூண்டு விலங்குகளின் நலங்காக்கும் அமைப்பொன்றை நிறுவினர். கூண்டிலே பிறந்து, வேட்டையறியாது, மனிதருக்கு அஞ்சுதலையும் மறந்த சிங்கங்களைக் காட்டில் விடல் இயலாது. அத்தகையனவற்றுக்குத் தென்னாபிரிக்காவின் சம்வாரியில் அவ்வமைப்பு வாழ்நாட் புகலிடம் அமைத்தது.

எல்சாவுக்குக் காடு கிடைத்தது. இவற்றுக்குக் கிடைப்பது வேலி சூழ்ந்த நிலமே. எனினும் ஆங்கு நிழலுண்டு, புல்லுண்டு, மருத்துவமுண்டு. வேடிக்கை காட்டுமாறு வருத்துவார் இல்லை. பறித்த வாழ்வை முற்றாக மீட்டளிக்க மனிதனால் இயலாதாயினும், எஞ்சிய நாட்களைத் துன்பமின்றிக் கழிக்கச் செய்தல் அவன் கடனேயாம்.