தவளைக் காலும் நாகத் தகடும்

சாதாரண தரத்தோடு விஞ்ஞானப் புத்தகத்தை மூடி வைத்தவர்கள் நாங்கள். கலைப்பீடத்துக்கு வந்த பிறகு அதைத் திறக்கிற தேவை வரவில்லை. ஆனாலும் ஒரு படம் மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது: ஐதான சல்பூரிக் அமிலத்துக்குள் ஒரு நாகத் தகடு, ஒரு செப்புத் தகடு, இரண்டையும் தொடுக்கிற கம்பி, நடுவில் சின்ன மின்குமிழ். இந்த மாதிரிக் கலத்தைக் கல்வானிக் கலம் என்றும் சொல்கிறார்கள், வோல்டாக் கலம் என்றும் சொல்கிறார்கள். ஒரு சாமானுக்கு ஏன் இரண்டு பேருடைய பெயர் என்று நாங்கள் கேட்டதில்லை. பரீட்சைக்கு வராது தானே.

கதை என்னவென்றால், அந்த இரண்டு பேரும் ஒத்துப்போகாதவர்கள்.

லூயிஜி கல்வானி இத்தாலியின் பொலோஞா நகரில் உடற்கூற்றியல் பேராசிரியர். பித்தளைக் கொக்கியில் கொழுவிய தவளைக் கால்களை இரும்புக் கம்பிகளில் தொங்கவிட்டபோது அவை துடித்தன. வானத்தில் மின்னல் இல்லாத நாளிலும் துடித்தன. செத்த கால் உதைக்குது! விலங்கின் உடலுக்குள்ளேயே மின் இருக்கிறது என்று 1791இல் எழுதி வெளியிட்டார். பாவியாவில் பௌதிகம் படிப்பித்த அலெசாந்திரோ வோல்டா முதலில் அதை ஏற்றார், பிறகு மறுத்தார். மின் தவளையில் இல்லை, வேறு வேறான இரண்டு உலோகங்கள் தொடுவதால் வருகிறது, கால் அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான் என்றார். கல்வானி தரப்பும் விடவில்லை. 1794இல் உலோகமே இல்லாமல், நரம்பைத் தசையில் முட்டவைத்துக் காலை அசைத்துக் காட்டினார்கள்.

இதற்கிடையில் நெப்போலியனின் படை வடக்கு இத்தாலிக்குள் வந்துவிட்டது. புதிய சிசல்பைன் குடியரசுக்குப் பேராசிரியர்கள் விசுவாசப் பிரமாணம் செய்யவேண்டும். கல்வானி மாட்டேன் என்றார். 1798இல் பதவியும் சம்பளமும் போனது. அதே வருடம் டிசம்பரில் சகோதரனின் வீட்டில் இறந்தார். விஞ்ஞான வரலாறு எங்களுடைய பாடம் மாதிரித் தெரிந்தது இந்த இடத்தில்தான்.

வோல்டா 1800 மார்ச் 20இல் லண்டன் ரோயல் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். வெள்ளித் தட்டு, நாகத் தட்டு, உப்புநீரில் ஊறிய மட்டை, திரும்ப வெள்ளி, நாகம், மட்டை என்று அடுக்கிக்கொண்டே போனால் தொடர்ந்து மின் கிடைக்கும். வேடிக்கை என்னவென்றால், விலங்கு மின்னை மறுத்த மனிதர் தன் அடுக்குக்கு 'செயற்கை மின் உறுப்பு' என்று பெயர் வைத்தார். ஷாக் அடிக்கிற திருக்கை மீனின் உறுப்புத்தான் அவருடைய ஒப்பீடு. 1801இல் பாரிஸில் நெப்போலியனுக்கு முன்னால் செய்துகாட்டித் தங்கப் பதக்கம் வாங்கினார். பிறகு பிரபுப் பட்டமும் கிடைத்தது.

அப்போ வென்றது வோல்டாவா? அங்கேதான் சிக்கல். உலோகங்கள் தொட்டாலே போதும், உப்புநீர் வெறும் கடத்தி என்று அவர் நினைத்தார். உண்மையில் வேலை நடப்பது உலோகமும் நீரும் சந்திக்கிற இடத்தில். நாகம் இலத்திரன்களை விட்டுவிட்டு அயனாகக் கரைகிறது. அந்த இலத்திரன்கள் கம்பி வழியாக மற்றத் தட்டுக்குப் போகின்றன. அதுதான் மின்னோட்டம். நாகம் தேய்ந்துபோவது தொல்லை இல்லை, அதுதான் எரிபொருள்.

இதை யோசிக்கவைத்தது அவருடைய அடுக்குத்தான். கடிதச் செய்தி கிடைத்ததும் நிக்கல்சனும் கார்லைலும் லண்டனில் ஒன்றைக் கட்டி, அதன் கம்பிகளைத் தண்ணீரில் விட்டார்கள். ஒரு கம்பியில் ஐதரசன், மற்றதில் ஒட்சிசன். மின்பகுப்பு. கலத்துக்குள் நடப்பதன் மறுபக்கம் இது: அங்கே இரசாயன மாற்றம் மின்னைத் தருகிறது, இங்கே மின் இரசாயன மாற்றத்தைத் தள்ளிச் செய்விக்கிறது. 1807இல் டேவி இதே வழியில் உருகிய பொட்டாசிலிருந்து பொற்றாசியத்தைப் பிரித்தெடுத்தார். அவ்வளவு நடந்தும், மின்னின் ஊற்று இரசாயன மாற்றம்தான் என்று 1840இலும் பரடே வாதாட வேண்டியிருந்தது.

தோற்றவர் என்று ஒதுக்கப்பட்ட கல்வானியின் பெயர் இப்போது கிணற்றடியில் கிடக்கிறது, கல்வனைஸ் வாளி என்று. அதில் இரும்புக்கு மேல் பூசியிருப்பது நாகம். வாளியில் கீறல் விழுந்து இரும்பு வெளியில் தெரிந்தாலும் முதலில் அரிபடுவது நாகம்தான்.